மலையகத்துப் பனிக்காலத்தில் ஆடு வளர்ப்பது எப்படி?

மலையகத்தில் முதன்முதலாக ஆடு வாங்குகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி, "இந்தக் குளிரை ஆடு தாங்குமா?" என்பதுதான். தாங்கும். வயிறு நிறைந்து, மேனி காய்ந்து, காற்றுப் படாமல் படுத்திருக்கும் ஆடு நுவரெலியாவின் தை மாதத்து இரவையும் தாங்கிவிடும். அதே ஆடு நனைந்த மேனியோடு காற்றில் நின்றால், அவ்வளவு குளிரில்லாத பதுளையில்கூட இரண்டு மூன்று நாளில் மூக்கு ஒழுகி இருமத் தொடங்கும். ஆகவே பனிக்காலத்து வேலை என்பது பெரும்பாலும் ஆட்டைக் காயவைத்திருக்கிற வேலை. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லும் ஒவ்வொன்றும் ஏன் என்று தானாகப் புரியும்.

நான் சொல்வது வெள்ளாட்டைப் பற்றி. மலையகக் குடும்பங்களில் செம்மறி வளர்ப்பவர்கள் குறைவு. யாழ்ப்பாணத்துப் பக்கம் பார்க்கிற நாட்டுச் செம்மறி வறண்ட நிலத்துக்குப் பழகியது. செம்மறி வைத்திருப்பவர்களுக்கும் கொட்டில், ஈரம், குட்டி பற்றிச் சொல்வதெல்லாம் பொருந்தும். ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்: வெள்ளாட்டுக்கென்று விற்கும் தாதுக் கலவையைச் செம்மறிக்குக் கொடுக்க வேண்டாம். அதிலிருக்கும் செம்பு, செம்மறியின் ஈரலில் சேர்ந்து நஞ்சாகிவிடும்.

உங்கள் மலைக்கு எந்தக் குளிர்?

மலையகம் முழுவதற்கும் ஒரே பனிக்காலம் கிடையாது. பதுளை, பண்டாரவளை, வெலிமடை, அப்புத்தளை போன்ற ஊவாப் பக்கத்துக்கு ஐப்பசி முதல் தை வரை மழைக்காலம். வடகீழ்ப் பருவக்காற்று அந்தச் சரிவில்தான் மோதுகிறது. அங்கே உங்கள் கவலை சேறு, நனைந்த கால், குடற்புழு, மண்சரிவு. ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கத்துக்குப் பெருமழை மே முதல் செப்டெம்பர் வரை. தை, மாசியில் அங்கே வானம் தெளிந்திருக்கும். பகலில் நல்ல வெயில், இரவில் கடுங்குளிர். புல் வளர்வது குறைந்துவிடும். நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசியில் அங்கே தரையில் வெள்ளையாக உறைபனி படியும் காலைகளும் உண்டு.

குளிர்காற்று கனமானது, இரவில் சரிவோடு இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். உறைபனி விழுந்த காலையில் வெளியே போய்ப் பாருங்கள்: பள்ளத்துப் புல் வெளுத்திருக்கும், சற்று மேலே ஏறினால் ஒரு கோடு போட்டது போல வெள்ளை நின்றுவிடும். தேயிலையும் பள்ளத்தில்தான் முதலில் கருகும். கொட்டிலை அந்தக் கோட்டுக்கு மேலே போடுங்கள். மலை உச்சியிலும் வேண்டாம், அங்கே காற்று. நடுச்சரிவில், காலை வெயில் சீக்கிரம் விழும் பக்கம் நல்லது. தோட்டத்துக் காணி என்றால் ஒரு கம்பு நடுவதற்கு முன்பே நிர்வாகத்திடம் அனுமதி கேட்டுவிடுங்கள். கட்டிய பிறகு பிரிக்கச் சொன்னால் பனிக்காலத்தில் ஆடுகளோடு நடுத்தெருவில் நிற்க வேண்டிவரும்.

தீபாவளிக்கு முன்

பனிக்காலத்துக்கான ஆயத்தம் புரட்டாசி, ஐப்பசியிலேயே தொடங்கிவிடுகிறது. முதல் வேலை, மந்தையைக் குறைப்பது. தீபாவளிக்கு இறைச்சிக்குக் கிராக்கி இருக்கும், கிடாய்க்கு நல்ல விலை கிடைக்கும். வளர்ந்த கிடாய்களை அப்போதே கொடுத்துவிட்டால், குளிரில் புல் குறையும்போது மிச்சமிருக்கும் ஆடுகளுக்கு இடமும் தீனியும் தாராளமாக இருக்கும். "இன்னும் கொஞ்சம் நிறை வைக்கட்டும்" என்று தைக்குத் தள்ளிப் போடாதீர்கள். குளிரில் தின்பதில் நிறைய, உடம்பைச் சூடாக வைத்திருக்கவே போய்விடும்.

இரண்டாவது, குட்டி எப்போது பிறக்க வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். ஆட்டின் சினைக்காலம் சுமார் 150 நாள். யூலை, ஓகஸ்டில் கிடாய் சேர்ந்தால் குட்டி மார்கழி, தையின் நடுக்குளிரில் விழும். நம் நாட்டில் ஆடு ஆண்டு முழுவதும் பருவத்துக்கு வரும் என்பதால், கிடாயைப் பிரித்துக் கட்டாவிட்டால் இது தானாகவே நடந்துவிடும். செப்டெம்பர் கடைசி, ஒக்டோபரில் சேரவிடுங்கள். மாசிக் கடைசி, பங்குனியில் குட்டி வரும்; சித்திரை மழையில் புல் தளிர்க்கும்போது தாய்க்குப் பாலும் நன்றாகச் சுரக்கும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இந்த ஒரு திட்டமிடலே பாதிக் குட்டிச் சாவைத் தவிர்த்துவிடும் என்று நம்புகிறேன்.

மூன்றாவது, மிருக வைத்தியர் அலுவலகத்துக்குப் போய்ப் புழு மருந்து வாங்குவது. ஆட்டின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பாருங்கள். உள்ளே நல்ல சிவப்பாக இருந்தால் சரி. வெளிறி, வெள்ளைத் தாள் போல இருந்தால் இரத்தம் உறிஞ்சும் புழு இருக்கக்கூடும். மருந்தை ஆட்டின் நிறைக்கு ஏற்பக் கொடுக்க வேண்டும், கண்மதிப்பில் குறைத்துக் கொடுத்தால் அந்த மருந்துக்குப் புழு பழகிவிடும்.

கீழ்நாட்டிலிருந்து, அதாவது புத்தளம், வவுனியா போன்ற வெப்பமான இடங்களிலிருந்து, மார்கழியில் ஆடு வாங்கி ஏற்றிவர வேண்டாம். மெல்லிய மயிரோடு வரும் ஆட்டுக்குப் பயணக் களைப்பும் புதுத் தீனியும் குளிரும் ஒன்றாகத் தாக்கும். பங்குனி, சித்திரையில் வாங்குங்கள், அடுத்த குளிர் வருவதற்குள் பழகிவிடும். எப்போது வாங்கினாலும் சுகாதாரச் சான்றிதழ், போக்குவரத்து அனுமதி பற்றி மிருக வைத்தியரிடம் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். வந்த ஆட்டை இரண்டு மூன்று வாரமாவது தனியே கட்டிவையுங்கள்.

கொட்டில்: மூடுங்கள், ஆனால் அடைக்காதீர்கள்

தரையிலிருந்து மூன்று நான்கு அடி உயர்த்திப் பலகைத் தளம் போட்ட கொட்டில்தான் மலையகத்துக்குச் சரி. புழுக்கையும் மூத்திரமும் கீழே விழுந்துவிடும், ஆடு காய்ந்த பலகையில் படுக்கும். பலகைகளுக்கு இடையே அரை அங்குல இடைவெளி போதும். அதற்குமேல் போனால் குட்டியின் கால் சிக்கும். பெரிய ஆடு ஒன்றுக்குப் பதினைந்து சதுர அடி வரை இடம் கொடுங்கள்.

சுவர் விஷயத்தில்தான் பலர் தவறுகிறார்கள். குளிர் வந்ததும் பாசத்தில் பொலித்தீனைச் சுற்றி, ஒரு ஓட்டைகூட இல்லாமல் கொட்டிலைக் கட்டிவிடுகிறார்கள். ஆடுகள் விடும் மூச்சின் ஈரமும் மூத்திரத்திலிருந்து எழும் அமோனியாவும் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். அமோனியா மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும், அந்தப் புண்ணில் சளிக்காய்ச்சல் பிடிக்கும். ஆடு "குளிரில் செத்தது" என்று சொல்லப்படும் பல வீடுகளில் உண்மையில் நடப்பது இதுதான்.

இதைச் சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம். இரவு ஒன்பது பத்து மணிக்குக் கொட்டிலுக்குள் போய், ஆடு படுத்திருக்கும் இடத்தில் குனிந்து, அதன் மூக்கு உயரத்தில் உங்கள் முகத்தை வைத்து நான்கைந்து முறை மூச்சை இழுங்கள். கண் எரிந்தாலோ தொண்டை கரகரத்தாலோ காற்றுப் போதாது. நின்றபடி பார்த்தால் தெரியாது. நாற்றம் கீழேதான் இருக்கும். அப்புறம் விடியற்காலையில் ஒருமுறை போய்க் கூரைத் தகரத்தின் உட்புறத்தைத் தடவுங்கள். குளிர்ந்த தகரத்தில் ஆடுகளின் மூச்சு வியர்த்து, சொட்டுச் சொட்டாக முதுகில் விழுந்துகொண்டிருக்கும். மழையே இல்லாத இரவிலும் ஆடு நனைவது இப்படித்தான்.

சரி, என்ன செய்வது? ஆடு நின்றால் தலை மறையும் உயரம் வரை, சுமார் மூன்றரை நான்கு அடிக்கு, பலகையோ தகரமோ வைத்து இடைவெளியில்லாமல் அடையுங்கள். அதற்கு மேலே கூரைக்குக் கீழ் ஓர் அடியாவது திறந்திருக்கட்டும், கம்பிவலை மட்டும் போதும். ஆட்டுக்கு மேலாகக் காற்றுப் போய்வரும், அதன் மேல் படாது. காற்று வரும் திசைப்பக்கம் மட்டும் படங்கு அல்லது உரச் சாக்குகளைத் தைத்துச் சுருட்டி இறக்கும் திரையாகக் கட்டுங்கள். மார்கழி, தையில் வடகிழக்குப் பக்கம். மே மாதத்துக்குப் பிறகு தென்மேற்குப் பக்கம் மாற்றிக் கட்ட வேண்டும். பகலில் வெயில் வந்ததும் சுருட்டிவிடுங்கள். தகரத்துக்குக் கீழே காய்ந்த மானாப்புல்லை ஓர் அடுக்குக் கட்டிவிட்டால் சொட்டுவது நின்றுவிடும்.

பலகைத் தளத்துக்குக் கீழிருந்து காற்று ஏறும் என்பதையும் மறக்கக்கூடாது. காற்றடிக்கும் பக்கம் தளத்தின் கீழ் வெளியையும் ஒரு படங்கால் மறையுங்கள். சினையாடும் குட்டியும் படுக்கும் மூலையில் காய்ந்த சவுக்கு இலை அல்லது மானாப்புல்லை ஒரு கை தடிப்புக்குப் பரப்புங்கள். தினமும் கையை உள்ளே விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டினால் அள்ளிக் கொட்டிவிட்டுப் புதிது போடுங்கள்.

கொட்டிலுக்குள் கரிச்சட்டி, நெருப்பு வேண்டவே வேண்டாம். புகை நுரையீரலைக் கெடுக்கும், ஒரு பொறி விழுந்தால் கொட்டிலோடு லயமும் போகும். வரிசையாக வீடுகள் ஒட்டியிருக்கும் இடத்தில் இது உங்கள் ஆட்டோடு மட்டும் முடிகிற விஷயமில்லை.

தீனி

ஆட்டின் வயிறுதான் அதன் அடுப்பு. முரட்டுப் புல்லும் இலையும் பெரிய இரைப்பையில் நொதிக்கும்போது சூடு உண்டாகும். அதனால் பனிக்காலத்தில் நல்ல முரட்டுத் தீனியை மாலையில் கொடுங்கள். இரவு முழுவதும் அசைபோட்டுக்கொண்டு சூடாகக் கிடக்கும். தவிடு, புண்ணாக்கைக் காலையில் வைத்துக்கொள்ளலாம். முப்பது கிலோ ஆட்டுக்கு நாளொன்றுக்கு மூன்று நான்கு கிலோ பச்சைத் தீனி தேவை, கடுங்குளிரில் அதைவிடச் சற்றுக் கூட.

தீனிக்கென்று நடும் சீஓ-3 புல் குளிரில் மெதுவாகத்தான் வளரும். அதை மட்டும் நம்பியிருந்தால் தையில் கை விரிக்க வேண்டிவரும். குவாத்தமாலாப் புல், பலா இலை, முள்ளுமுருங்கை, சீமைக்கிளுவை, வேலியோரம் மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கும் காட்டுச் சூரியகாந்தி எல்லாம் ஆடு தின்னும். கொஞ்சம் உயரம் குறைந்த இடத்தில் இருப்பவர்கள் சீமைக்கிளுவையை வேலியாகவே நட்டுவிடுங்கள். வெட்ட வெட்டத் துளிர்க்கும், புரதச் சத்தும் நிறைய.

விடியற்காலைப் புல்லை வெட்டிப் போட வேண்டாம். உறைபனி படிந்த புல் வயிற்றைக் கெடுக்கும். பனி ஈரத்தில் புழுக் குஞ்சுகள் புல் நுனிவரை ஏறி நிற்கும். ஒன்பது பத்து மணிக்குமேல், பனி காய்ந்த பிறகு வெட்டுங்கள், ஆட்டையும் அதற்குப் பிறகே வெளியே விடுங்கள். இன்னொன்று: தேயிலை மலையில் புல் அறுக்கப் போவதற்கு முன், அந்த மலைக்குக் களைமருந்து அடித்திருக்கிறார்களா என்று கங்காணியிடம் கேட்டுவிட்டுத்தான் கத்தியை எடுக்க வேண்டும். அடித்த முதல் சில நாட்களில் புல் பச்சையாகவேதான் இருக்கும், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

நுவரெலியா, வெலிமடைப் பக்கம் இருப்பவர்களுக்கு மரக்கறித் தோட்டத்துக் கழிவு ஒரு பெரிய வரம். கரட் கழுவும் இடத்தில் தழை குவிந்து கிடக்கும், கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் யோசித்துக் கொடுங்கள். கரட் தழை, முள்ளங்கி இலை நல்லது. கோவா இலையை வெறும் வயிற்றில் அள்ளிப் போட்டால் வயிறு உப்பும். முதலில் புல், பிறகு கொஞ்சம் கோவா. லீக்ஸ் வெங்காயச் சாதி, நிறையத் தின்றால் இரத்தச் சோகை வரும். உருளைக்கிழங்குச் செடியும் பச்சையான கிழங்கும் நஞ்சு, வேண்டாம். எதை வாங்கினாலும் கடைசியாக எப்போது மருந்து அடித்தீர்கள் என்று தோட்டக்காரரிடம் கேளுங்கள். சில மருந்துகள் இலைக்குள்ளேயே ஊறியிருக்கும், கழுவினாலும் போகாது.

உண்ணிச்செடியையும், லயங்களைச் சுற்றி வளரும் மணிபோலத் தொங்கும் பெரிய பூச்செடியையும் ஆட்டுக்கு எட்டாமல் வெட்டிவிடுங்கள், இரண்டும் நஞ்சு. பசி முற்றிய ஆடுதான் இவற்றைக் கடிக்கும், ஆகவே பசியோடு அவிழ்த்துவிடாதீர்கள்.

தண்ணீர் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, அதுதான் ஆபத்து. பீலித் தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தால் ஆடு குடிப்பதைக் குறைத்துவிடும். குடிக்காவிட்டால் தின்னாது, பாலும் குறையும், கிடாய்க்கு மூத்திரக் கல் அடைக்கும். காலையும் மாலையும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு வையுங்கள். கவ்வாத்து மிலாறு, அதாவது வெட்டிய தேயிலைக் குச்சி, எரியும் அடுப்பில் வீட்டுக்குத் தண்ணீர் சுட வைக்கும்போதே ஒரு வாளி கூட வைத்தால் போதும்.

சினையாட்டுக்குக் கடைசி ஆறு வாரம்தான் முக்கியம். குட்டியின் வளர்ச்சியில் பெரும் பங்கு அப்போதுதான் நடக்கிறது. வயிற்றில் குட்டி இடத்தை அடைத்துக்கொள்வதால் புல்லை மட்டும் தின்று தாய்க்குக் கட்டாது. தேங்காய்ப் புண்ணாக்கும் தவிடும் சேர்த்து 250 கிராமிலிருந்து மெதுவாகக் கூட்டுங்கள்.

குட்டி விழும் இரவு

எவ்வளவு திட்டமிட்டாலும் ஒன்றிரண்டு குட்டி குளிரில் விழத்தான் செய்யும். முன்கூட்டியே ஒரு பையில் இவற்றை வைத்திருங்கள்: வெயிலில் காய்ந்த சுத்தமான சாக்குத் துண்டுகள், அயடீன், பாலூட்டும் போத்தலும் சூப்பியும், வெப்பமானி, டோர்ச்.

குட்டி விழுந்ததும் மூக்கையும் வாயையும் மூடியிருக்கும் சவ்வை விரலால் வழித்துவிட்டுத் தாயின் மூக்கருகே வையுங்கள். தாய் நக்கட்டும். அந்த நக்கலில்தான் இரண்டுக்கும் ஒட்டுதல் வருகிறது. அதே நேரம் நீங்களும் சாக்கால் அழுத்தித் துடையுங்கள், முதுகு, விலா, பிறகு வயிறு. காது நுனியையும் கால் இடுக்கையும் பலர் விட்டுவிடுவார்கள். அங்கே ஈரம் நின்றால் உடம்பின் சூடு அதன் வழியே போய்க்கொண்டே இருக்கும். மயிர் சுருள் சுருளாகப் பிரிந்து நிற்கும்வரை துடைக்க வேண்டும். தொப்புள் கொடியை அயடீனில் நனையுங்கள். தாயின் இரண்டு காம்பிலும் ஒவ்வொரு பீச்சு எடுத்து அடைப்பை நீக்குங்கள்.

ஒரு மணி நேரத்துக்குள் குட்டி எழுந்து சீம்பால் குடிக்க வேண்டும். முதல் 24 மணி நேரத்தில் உடல் நிறையில் பத்தில் ஒரு பங்கு உள்ளே போக வேண்டும். மூன்று கிலோ குட்டிக்கு 300 மில்லி லீற்றர், அதுவும் பல தடவையாக. முதல் சில மணி நேரத்துக்குள் குடிக்கும் பால்தான் நோய் எதிர்ப்புச் சக்தியை அதிகம் கொடுக்கும்.

துவண்டு கிடக்கும் குட்டியின் வாய்க்குள் சுண்டுவிரலை வைத்துப் பாருங்கள். வாய் சூடாக இருந்து விரலைச் சப்பினால் பால் கொடுங்கள். வாயே குளிர்ந்திருந்தால் பாலை ஊற்றாதீர்கள். குளிர்ந்த குடலில் பால் செரிக்காது, விழுங்கத் தெம்பில்லாததால் நுரையீரலுக்கும் போய்விடும். ஆட்டின் சாதாரண உடல் வெப்பம் 38.5 முதல் 40 பாகை செல்சியஸ் வரை. 37-க்குக் கீழே போன குட்டியை முதலில் சூடாக்க வேண்டும். தலை மட்டும் வெளியே இருக்கும்படி ஒரு பொலித்தீன் பைக்குள் குட்டியை விட்டு, முழங்கை பொறுக்கும் சூடான தண்ணீரில் கழுத்துவரை இறக்கிப் பிடியுங்கள். பை இருப்பதால் மேனி நனையாது, தாய்க்குத் தெரிந்த மணமும் போகாது. உடம்பு சூடேறித் தலையைத் தூக்கியதும் வெளியே எடுத்து, துணி சுற்றிய வெந்நீர்ப் போத்தல்களுக்கு நடுவே படுக்கவைத்துச் சீம்பாலைப் பீச்சிக் கொடுங்கள். பிறந்து ஐந்தாறு மணி நேரமாகியும் துவண்டே கிடந்தால் சூடாக்குவதற்கு முன்பே குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருக்கும், மிருக வைத்தியரை அழையுங்கள்.

தெம்பு வந்ததும் குட்டியைத் தாயிடம் விட்டுவிடுங்கள். பாவம் என்று நாலைந்து நாள் அடுப்படியில் வைத்திருந்தால் தாய் சேர்க்காது, குட்டியும் அந்தச் சூட்டுக்குப் பழகி வெளியே போனதும் நடுங்கும். கொட்டில் மூலையில் குட்டி மட்டும் நுழையும் வாசலோடு ஒரு பலகைப் பெட்டி செய்து உள்ளே காய்ந்த புல் பரப்புங்கள். இரண்டு மூன்று குட்டி சேர்ந்து படுத்தால் அவற்றின் சூடே போதும்.

வைத்தியரை எப்போது அழைப்பது

தனியே ஒதுங்கி நிற்பது, அசைபோடாமல் இருப்பது, தலை தொங்குவது, விலா அடித்து மூச்சு வாங்குவது: இவற்றில் ஒன்றைக் கண்டாலே வெப்பமானி வையுங்கள். தொலைபேசியில் "ஆட்டுக்குச் சரியில்லை டொக்டர்" என்று மட்டும் சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது. வெப்பம் எவ்வளவு, கடைசியாக எப்போது தின்றது, புழுக்கை எப்படி, என்ன தீனி கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். இடது வயிறு மத்தளம் போல உப்பியிருந்தால் காத்திருக்க நேரமில்லை. குட்டிகளுக்குப் புழுக்கையாக இல்லாமல் சாணம் போலக் கழிந்தால் ஈரப் படுக்கையில் வரும் இரத்தக் கழிச்சலாக இருக்கலாம். நொண்டினால் குளம்பின் இடுக்கைப் பாருங்கள். நாறினால் குளம்பழுகல், ஊவாப் பக்கத்து மழையில் இது சகஜம், குளம்பை வெட்டிச் சுத்தமாக்கிக் காய்ந்த இடத்தில் நிறுத்த வேண்டும்.

சிறுத்தையும் மண்சரிவும்

தேயிலைத் தோட்டங்களில் சிறுத்தை நடமாட்டம் உண்டு. இருட்டுவதற்கு முன், ஐந்து மணிக்கே ஆடுகளை உள்ளே விட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுங்கள். மேல் இடைவெளிக்குக் கட்டிய கம்பிவலை பலமானதாக இருக்கட்டும். காட்டோரத்தில் ஆட்டைக் கட்டிவைத்துவிட்டு வராதீர்கள். கோபத்தில் கண்ணி வைக்க வேண்டாம், அது சட்டப்படி குற்றம். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் ஓர் அரிய கருஞ்சிறுத்தை கண்ணியில் சிக்கி இறந்துபோனது. அது வேதனையான சாவு, யாருக்கும் அதனால் ஒரு நன்மையும் வரவில்லை.

மண் வெட்டிய மேட்டின் அடியில் கொட்டில் இருந்தால் மழைக்காலம் முழுக்க எச்சரிக்கையாக இருங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படியாக விடுகிறது. மஞ்சளிலேயே ஆடுகளைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றுங்கள். நிலத்தில் வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று எதையாவது கண்டால் எச்சரிக்கைக்குக் காத்திருக்க வேண்டாம், 117-க்கு அழைத்துச் சொல்லுங்கள். சிவப்பு என்றால் கயிறுகளை அவிழ்த்து, கதவைத் திறந்துவிட்டு, குடும்பத்தோடு கிளம்பிவிடுங்கள். ஆட்டைத் தேடித் திரும்பிப் போகக்கூடாது. 2014 ஒக்டோபர் 29-இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனதை நம் சனம் இன்னும் மறக்கவில்லை.

பங்குனி வந்ததும்

திரைகளைக் கழற்றிக் கழுவி வெயிலில் போடுங்கள். பழைய படுக்கையை முழுவதும் அள்ளி எடுத்து, பலகைகளைச் சுரண்டி, இரண்டு நாள் வெயில் படவிட்டுச் சுண்ணாம்பு அடியுங்கள். ஆடுகளின் இமையை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டுப் புழு மருந்து தேவையா என்று முடிவு செய்யுங்கள். தளத்துக்குக் கீழே சேர்ந்திருக்கும் புழுக்கை நன்றாக மக்கிக் காய்ந்திருக்கும். மரக்கறித் தோட்டக்காரர்கள் மூட்டைக் கணக்கில் வாங்கிக்கொள்வார்கள். அந்தப் பணத்தில் முதலில் உடைந்த தகரத்தை மாற்றுங்கள், மே மாதத்து மழைக்கு அதிக நாள் இல்லை.